பாஸ்போர்ட் கையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்: வளைகுடா வேலை ஏஜென்சி இன்டர்வியூ அனுபவங்கள்

வளைகுடா வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகளில், பாஸ்போர்ட்டைக் கொடுக்கிற வரைக்கும்தான் நம் பேச்சுக்கு மதிப்பு. கொடுத்த பிறகு போன் செய்தால் எடுப்பார்கள், எடுக்காமலும் இருப்பார்கள், "விசா வந்ததும் கூப்பிடுறோம் தம்பி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் இன்டர்வியூ நடக்கும் அன்றைக்கே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். சவூதியிலும் அமீரகத்திலும் வேலை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் திருச்சி, சென்னை, மும்பை என்று ஏதாவது ஒரு ஏஜென்சி வாசலில் வரிசையில் நின்றுதான் போனேன். இப்போது எங்கள் பக்கத்துப் பையன்கள் போவதற்கு முன் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போஸ்டர். வாட்ஸாப்பில் வரும், "சவூதி, நேரடி கிளையண்ட் இன்டர்வியூ, எலக்ட்ரீஷியன் 50 பேர், சாப்பாடு ரூம் இலவசம்" என்று கலர் கலராக. அதில் லைசன்ஸ் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு செய்து லைசன்ஸ் வாங்கியிருக்க வேண்டும். இ-மைக்ரேட் என்கிற அரசு இணையதளத்தில் ஏஜென்சி பேரைப் போட்டுத் தேடினால் லைசன்ஸ் நடப்பில் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். அதே தளத்தில் பதிவில்லாத ஏஜெண்டுகளின் பட்டியலும் மாநில வாரியாக இருக்கிறது. போனிலேயே பார்த்துவிடலாம். இதைப் பார்க்காமல் ராத்திரி பஸ் ஏறி கிளாம்பாக்கத்தில் போய் இறங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஊருக்குள் இருக்கும் சப்-ஏஜெண்ட் விஷயம் இன்னும் சிக்கலானது. அவர் நமக்கு மாமன் முறையாக இருப்பார், நம் அண்ணனை அனுப்பியவராக இருப்பார், அவரைச் சந்தேகப்படுவதே சங்கடமாக இருக்கும். ஆனால் லைசன்ஸ் அவர் பேரில் கிடையாது. அவர் வாங்கும் பணத்துக்கு ரசீதும் கிடையாது. "மாமா, எந்த ஏஜென்சிக்கு அனுப்புறீங்க, நம்பர் குடுங்க, நானே நேரா போய் பாத்துக்கறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையாக அனுப்புகிறவர் என்றால் கொடுத்துவிடுவார். தமிழ்நாடு அரசே 1978-லிருந்து ஒரு நிறுவனம் நடத்துகிறது, கிண்டியில் அலுவலகம், அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று பெயர். அவர்களும் நர்ஸ், டெக்னீஷியன், டிரைவர் என்று விளம்பரம் போடுகிறார்கள். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போஸ்டர் எதுவும் வரும் முன்பே அங்கே பெயரைப் பதிந்து வைத்துவிடுவது நல்லது.

அப்புறம் பயோடேட்டா. இது ரொம்ப முக்கியம், யாரும் கண்டுகொள்வதில்லை. நாம் ஒன்று கொடுப்போம், ஏஜென்சிக்காரர் கம்பெனிக்கு வேறு ஒன்றை அனுப்புவார். இரண்டு வருட அனுபவம் ஐந்தாகியிருக்கும், அபார்ட்மெண்டில் வயரிங் செய்தவன் ரிஃபைனரியில் வேலை பார்த்ததாக இருக்கும். சென்னையில் ஒரு இன்டர்வியூவில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையனிடம், கம்பெனி தரப்பில் வந்திருந்த எகிப்துக்காரர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, ஷட்-டவுன் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவது) சமயத்தில் பர்மிட் யாரிடம் வாங்குவாய், லாக்-அவுட் டேக்-அவுட் (கரண்டை அணைத்துப் பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டை மாட்டுவது) எப்படிச் செய்வாய் என்று கேட்டார். பையன் ஷட்-டவுன் என்றால் கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டு ஏதோ சொன்னான். அவர் இரண்டாவது கேள்வியே கேட்கவில்லை, பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தப் பையன் வயரிங்கில் கெட்டிக்காரன், காத்திருந்த நேரத்தில் அவனிடம் பேசிப் பார்த்து எனக்கே தெரிந்தது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் பில்டிங் எலக்ட்ரீஷியனாக எடுத்திருப்பார்கள், அன்றைக்கு அந்த வேலைக்கும் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே உள்ளே போகும் முன் கவுண்டரில் இருப்பவரிடம், "சார், என் சி.வி. என்ன அனுப்பியிருக்கீங்க, ஒரு தடவை காட்டுங்க" என்று கேட்டுப் படித்துப் பாருங்கள். மாற்றியிருந்தால் அங்கேயே பேனாவால் திருத்தச் சொல்லுங்கள்.

உள்ளே கேட்கும் கேள்விகளைப் பற்றி நிறையப் பயம் இருக்கிறது. எலக்ட்ரீஷியனுக்குப் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி அதையேதான் கேட்கிறார்கள். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு? டைரக்டாகப் போட்டால் இழுக்கும் கரண்டில் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்டாரில் லைனிலிருந்து இழுக்கும், அதற்குத்தான். மோட்டாரிலிருந்து எத்தனை ஒயர் வர வேண்டும்? ஆறு. 415 வோல்ட் கேபிளுக்கு மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) எத்தனை வோல்ட்டில் வைப்பாய்? 500. கரண்ட் கசிந்தால் தானாக அணைந்து ஆளைக் காப்பாற்றும் ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியர்? 30. சவூதிக்கு எடுக்கிறவர்கள் ஒரு கேள்வியில் மடக்குவார்கள்: நாலு போல் (நாலு காந்தத் துருவம்) உள்ள மோட்டார் என்ன ஸ்பீடில் ஓடும்? நம் ஆட்கள் மனப்பாடமாக நிமிஷத்துக்கு 1500 சுற்று என்பார்கள். அது நம் ஊரின் 50 ஹெர்ட்ஸுக்கு. சவூதியில் 60 ஹெர்ட்ஸ், அங்கே 1800. இந்த ஒரு பதிலுக்கு அந்த அதிகாரி நிமிர்ந்து பார்ப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். மொழி பெரிய பிரச்சினை இல்லை. எதிரே இருப்பவர் மலையாளியாக இருக்கலாம், பாகிஸ்தான்காரராக இருக்கலாம், பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், அவர்களுக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. தெரியாததற்கு "யெஸ் சார்" போடாதீர்கள். "நோ சார், திஸ் ஒர்க் நாட் டன்" என்று சொன்ன ஆளையும் எடுத்திருக்கிறார்கள்.

டிரேட் டெஸ்ட்டில்தான் கை பேச வேண்டும். எனக்கு வைத்தது இரண்டு வேலை, ஸ்டார்-டெல்டா பேனல் ஒன்றும், இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிளைப் பேனலில் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் போடுவதும். பேனலில் அவர்கள் பார்ப்பது மோட்டார் ஓடுகிறதா என்பதை மட்டும் இல்லை, ஸ்டார் காண்டாக்டரும் டெல்டா காண்டாக்டரும் (காந்தத்தில் இயங்கும் சுவிட்சுகள்) ஒன்றாக விழாதபடி இன்டர்லாக் கொடுத்திருக்கிறாயா என்பதையும்தான், அதைக் கொடுக்காவிட்டால் ஷார்ட் ஆகும். கிளாண்டில் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. கேபிளை உரித்து, ஆர்மர் கம்பிகளை அளவாக அறுத்து, கோனில் விரித்து அழகாக உட்கார வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்தால் ரப்பர் மூடியும் பின் நட்டும் மேஜையிலேயே கிடக்கும். உரிக்கிறதுக்கு முன்னாலேயே அவற்றைக் கேபிளில் கோத்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எர்த் ஒயர் இணைக்கும் எர்த் டேக் வாஷரையும் மறக்காதீர்கள். வேலையை முடித்ததும் வெட்டிப் போட்ட துண்டுகளைக் கூட்டி ஓரமாக வையுங்கள், அதையும் பார்க்கிறார்கள். சவூதிக்கு இப்போது எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களுக்கு அந்த நாட்டு அரசின் திறன் சோதனை தனியாக உண்டு. அது ஏஜென்சி வைக்கும் டெஸ்ட்டோடு சேராது, அதற்கு யார் பணம் கட்டுவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

"செலக்டட்" என்று சொன்னதும் எல்லோரும் சந்தோஷத்தில் எழுந்து வெளியே போன் பேசப் போய்விடுகிறார்கள். பேச வேண்டிய நேரமே அப்போதுதான் ஆரம்பிக்கிறது. கம்பெனி அதிகாரி அந்த அறையில் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன, ஏனென்றால் சாயங்காலம் அவர் ஹோட்டலுக்குப் போய்விட்டால் அப்புறம் பதில் சொல்வது ஏஜென்சிக்காரர் மட்டும்தான்.

விசா எந்தக் கம்பெனி பேரில்? நேரடிக் கம்பெனியா, ஆள் சப்ளை செய்கிற கம்பெனியா? சப்ளை கம்பெனி என்றால் வேலை இல்லாத மாதத்தில் சம்பளம் உண்டா? விசாவில் என்ன தொழில் போடுவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், சாதாரணம் இல்லை. எலக்ட்ரீஷியனாக எடுத்துவிட்டு வேறு தொழில் விசாவில் அனுப்புவது நடக்கிறது. சவூதியில் வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். 2021-இல் கம்பெனி மாறுவதற்குக் கொடுத்த சலுகையும் அவர்களுக்குப் பொருந்தாது. அந்த விசாவில் போய் பாலைவனத்தில் மாட்டிக்கொண்ட நம் தென் மாவட்டத்துப் பையன்களின் கதை ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் வருகிறது, படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஃப்ரீ விசா என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருவர் பேரில் விசா, வேலை வேறு எங்கேயோ என்பது அங்கே சட்டப்படி குற்றம், பிடிபட்டால் நம்மைத்தான் பிடிப்பார்கள்.

அடுத்தது சம்பளம். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டாதீர்கள், பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று கேளுங்கள். அமீரகத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கம்பெனியும் மாதம் 1,200 திர்ஹாம் தருகிறேன் என்கிறார்கள். ஒன்றில் பேசிக் 1,000, அலவன்ஸ் 200. இன்னொன்றில் பேசிக் 600, அலவன்ஸ் 600. கையில் வருவது ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே ஓவர்டைமுக்கு பேசிக் கணக்கில்தான் மணிக்கூலி, அதன் மேல் 25 சதவீதம். முதல் கம்பெனியில் ஒரு மணி நேர ஓ.டி. 5 திர்ஹாம் 20 காசு, இரண்டாவதில் 3 திர்ஹாம் 12 காசுதான் வரும். தினமும் இரண்டு மணி நேரம் ஓ.டி., மாதம் 26 நாள் என்று வைத்தால் மாதத்துக்கு 108 திர்ஹாம் போச்சு, இரண்டு வருட கான்ட்ராக்ட்டில் ஏறக்குறைய 2,600 திர்ஹாம். வேலை முடித்து வரும்போது கொடுக்கும் பணமும் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதிலும் அடி. சவூதியில் ஓ.டி.க்குச் சம்பள விகிதத்தோடு பேசிக்கில் பாதியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். இந்தக் கணக்கை அந்த மேஜையிலேயே போனை எடுத்துப் போட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சொன்ன சம்பளமும் பேப்பரில் வரும் சம்பளமும் வேறு வேறாக இருப்பது இந்தத் தொழிலில் தினசரி நடக்கிற கதை. ஒரு ஏஜென்சியில் இன்டர்வியூவில் 1,500 ரியால் என்றார்கள், பிறகு கையெழுத்துக்கு நீட்டிய ஆஃபர் லெட்டரில் 1,200 இருந்தது. கேட்டால், "அங்க போனதும் ஏத்திடுவாங்க, இது சும்மா ஃபார்மாலிட்டி" என்றார் அங்கிருந்தவர். ஏற்றுவதாக இருந்தால் அதையே எழுதிக் கொடுங்கள் என்றேன், முடியாது என்றார், எழுந்து வந்துவிட்டேன். பாஸ்போர்ட் என் பையில் இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாக எழுந்து வர முடிந்தது. எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேர் பாஸ்போர்ட்டை முந்தின வாரமே கொடுத்துவிட்டார்கள், கையெழுத்துப் போடுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

நல்ல இடங்களும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். திருச்சியில் ஒரு ஆபீஸில் இருந்த அக்கா, இன்ன வேலைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று கம்பெனி அனுப்பிய டிமாண்ட் லெட்டரை எங்கள் எல்லோருக்கும் முன்னால் வைத்துக்கொண்டு, எத்தனை பேருக்கு விசா, என்ன தொழில், பேசிக் எவ்வளவு, டிக்கெட் யார் செலவு, லீவு எத்தனை நாள் என்று தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டினார். "பிடிக்கலன்னா இப்பவே போயிடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். இரண்டு பேர் போனார்கள், அவர் முகம் கூட மாறவில்லை. அங்கேதான் நான் போட்டோ பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு டிமாண்ட் லெட்டரைப் போனில் எடுத்து வைத்தேன், பின்னாளில் சவூதியில் சம்பளப் பேச்சு வந்தபோது அந்தப் போட்டோ உதவியது. டிமாண்ட் லெட்டரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் பெரும்பாலும் விசாவே கையில் இருக்காது, ஆள் சேர்ந்த பிறகு விசா தேடுவார்கள்.

பணம். பதிவு பெற்ற ஏஜென்சி நம்மிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 35,400. ரசீதோடு. அந்தப் பக்கம் அமீரகம், சவூதி, கத்தார் சட்டங்கள் ஆள் எடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கின்றன. இப்படி இருந்தும் ஊரில் நகையை அடகு வைத்து லட்சத்துக்கு மேல் கொடுத்துப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அந்தக் கடனையும் வட்டியையும் கட்டவே முதல் வருஷச் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது, அதனால்தான் அங்கே என்ன அநியாயம் நடந்தாலும் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். எவ்வளவு கேட்டாலும் பேங்க் வழியாகத்தான் தருவேன் என்று சொல்லுங்கள், "கேஷ்தான் வேணும், ரசீது கிடையாது" என்று பதில் வந்தால் அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு எதுவும் வேண்டாம். இன்டர்வியூ ஃபீஸ், ஃபைல் சார்ஜ், டோக்கன் என்று 500, 1,000 வாங்குகிற இடங்களில் நூறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்பதே வியாபாரமாக இருக்கும். மெடிக்கலும் அப்படித்தான். வளைகுடா மெடிக்கலுக்கு வாஃபிட் தளத்தில் ஸ்லிப் எடுத்துத்தான் போக வேண்டும். ஆஃபர் லெட்டர் கையில் வராமல் மெடிக்கலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இ.சி.ஆர். (எமிக்ரேஷன் செக் ரெக்வயர்டு, அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்ற பாஸ்போர்ட் முத்திரை) பற்றிக் கொஞ்சம். பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இருக்கும், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். அந்த வழியில் போனால் ஒப்பந்தம் இ-மைக்ரேட்டில் பதிவாகும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸும் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் வரை கிடைக்கும். இதைத் தவிர்க்கத்தான் சில ஏஜெண்டுகள் விசிட் விசாவில் ஏற்றி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம், இங்கே நம் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் நமக்கு அந்த முத்திரை இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறார்கள். முத்திரை இல்லையென்றால் அரசு நம் ஒப்பந்தத்தைப் பார்ப்பதே இல்லை என்றுதான் அர்த்தம். இரட்டிப்பு ஜாக்கிரதை வேண்டியது நமக்குத்தான்.

கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களுக்குத் தனியாக ஒன்று. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று ஆன்லைனிலேயே இன்டர்வியூ வைத்து, டைப்பிங் ஸ்பீட் மட்டும் பார்த்து, அள்ளிக் கொடுப்பதாகச் சொல்லி எடுப்பார்கள். 2022-இல் அப்படிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய் இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்தார்கள். அரசு தலையிட்டு மீட்டுக்கொண்டு வந்தது. கம்போடியா, லாவோஸ் பேரைச் சொல்லியும் இதே வேலை நடக்கிறது. கம்பெனி முகவரி கேட்டால் சொல்லாமல், டிக்கெட்டை மட்டும் உடனே போட்டு அனுப்பினால் வீட்டில் யார் என்ன சொன்னாலும் ஏறாதீர்கள்.

பாஸ்போர்ட்டை எப்போது கொடுப்பது என்று கேட்பீர்கள். விசா ஸ்டாம்பிங்குக்கு அது தேவைதான், கொடுக்காமல் முடியாது. ஆஃபர் லெட்டரில் கம்பெனி பெயர், தொழில், பேசிக், வேலை நேரம், சாப்பாடு, ரூம், டிக்கெட் எல்லாம் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகு கொடுங்கள், அதுவரைக்கும் ஜெராக்ஸ் போதும். கொடுக்கும்போது, பாஸ்போர்ட் நம்பரும் தேதியும் போட்டு, இன்ன காரணத்துக்காகப் பெற்றுக்கொண்டோம் என்று ஏஜென்சி லெட்டர்ஹெட்டில் சீல் வைத்து வாங்குங்கள். பின்னால் வேண்டாம் என்று முடிவெடுத்து, அவர்கள் தர மறுத்து, "இருபதாயிரம் கட்டினாத்தான் குடுப்போம்" என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது, அதைப் பிணையாகப் பிடித்து வைக்க எந்த ஏஜென்சிக்கும் உரிமை இல்லை. அந்தச் சீட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம், 1800 11 3090 என்ற வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண்ணிலும் பேசலாம். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் புகார் எழுதிக்கொண்டு போய் ஏஜென்சி மேஜையில் ஒரு நகலை வைத்ததுமே, அரை மணி நேரத்தில் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.